முன்னேற்பாடு இல்லாத இசையில் எதைப் பற்றிக்கொண்டு கேட்பது?

தேக்கா ரசிகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராகம் இன்னது, தாளம் இன்னது என்று அறிவிக்காமல், பாடல் என்று ஒன்றும் இல்லாமல் வாசிக்கப்படும் இசையைக் கேட்பவர்கள் எதைப் பற்றிக்கொண்டு கேட்கிறார்கள் என்பதை இங்குள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நான் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவள்; இளமையில் சில ஆண்டுகள் வீணை பயின்றிருக்கிறேன். ஜாஸ் என்றால் பியானோவும் மெல்லிய டிரம்ஸும் சேர்ந்து, பேச்சுக்கு இடையூறு செய்யாமல் பின்னணியில் ஒலிக்கும் இதமான இசை என்றே இதுவரை எண்ணியிருந்தேன். சென்ற வாரம் என் மகன் வற்புறுத்தி அழைத்துச் சென்ற நிகழ்ச்சி அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

அறுபது எழுபது பேர் அமரக்கூடிய சிறிய கறுப்பு அரங்கு. நுழைவுச்சீட்டு 25 வெள்ளி. முதல் பகுதியில் சாக்சபோன், டபுள் பாஸ், டிரம்ஸ் என மூவர் வாசித்தனர். தொடக்கத்தில் சாக்சபோனும் பாஸும் சேர்ந்து ஒரே மெட்டை இரண்டு முறை வாசித்தன. கோணலான மெட்டுதான், ஆனால் மனத்தில் நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு நெடுநேரம் எங்கெங்கோ சென்று, கடைசியில் அதே மெட்டுக்குத் திரும்பி முடித்தார்கள். இதை என்னால் ஓரளவு தொடர முடிந்தது. இரண்டாம் பகுதியில்தான் திகைத்துப் போனேன். ஒருவர் கிட்டாரை மேசைமேல் மல்லாத்தி வைத்து, கையடக்க மின்விசிறியின் இறக்கைகள் தந்திகளில் உரசும்படி பிடித்திருந்தார். இன்னொருவர் செல்லோ வில்லால் சிம்பலின் விளிம்பை இழுத்து, பல்லைக் கூசவைக்கும் ஒரு நீண்ட ஒலியை எழுப்பினார். மூன்றாமவர் சாக்சபோனின் வாய்ப்பகுதியைக் கழற்றிவிட்டு வெறுங்குழலில் காற்றை மட்டும் ஊதி, விசைகளை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் பகுதியில் அனைவரும் மேடைக்கு வர, ஒரு பெண்மணி முன்னால் நின்று கையசைத்தார். தாளம் போடுகிறாரோ என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை எதுவும் பிடிபடவில்லை, ஆனால் அவர் கை மாறும்போதெல்லாம் இசையும் மாறியது.

இவற்றில் எவ்வளவு முன்பே பேசிவைத்தது? அவர்கள் நன்றாக வாசித்தார்களா இல்லையா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? நம்முடைய மனோதர்மமும், அதாவது மேடையிலேயே கற்பனையாகப் பாடுவதும் வாசிப்பதும், அந்தந்த நேரத்தில் பிறப்பதுதானே. இரண்டுக்கும் உண்மையில் உறவு உண்டா, அல்லது தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒன்றின்மீது வலிந்து பொருத்துகிறேனா? "இதெல்லாம் ஓர் இசையா" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை இடைவேளையிலேயே என் மகனிடம் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

இசைத்தட்டுக்காரர் எழுதியது:

அம்மா, நீங்கள் ஒரே மாலையில் மூன்று வெவ்வேறு வழக்கங்களைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே அளவுகோலை வைத்ததால்தான் இரண்டாம் பகுதி கைக்கு எட்டாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் பகுதி, ஜாஸ் மரபுக்குள்ளேயே அதன் வேலியை அகற்றிப் பார்த்தவர்களின் வழி. வழக்கமான ஜாஸில் ஒரு பாட்டின் சுரக்கூட்டுகள், அதாவது கார்டுகள், ஒரு வரிசையில் சுழன்றுகொண்டே இருக்கும்; தனியாக வாசிப்பவர் எவ்வளவு தொலைவு போனாலும் அந்தச் சுழற்சியில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது கூட வாசிப்பவர்களுக்கும் பழகிய ரசிகர்களுக்கும் தெரியும். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் அந்தச் சுழற்சியைக் கைவிட்டார். மெட்டை வாசித்து முடித்ததும், அதன் சாயலும் உடன் வாசிப்பவர் அந்த நொடியில் செய்வதும் மட்டுமே அவருக்கு வழிகாட்டி. 1959 நவம்பரில் அவர் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் என்ற விடுதியில் தம் நால்வர் குழுவோடு வாசிக்கத் தொடங்கியபோது, அங்கு வந்த இசைக்கலைஞர்களே மேதை என்றும் போலி என்றும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அவர் கையில் இருந்தது வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்சபோன் என்பது வேறு அவர்களுடைய ஐயத்தைக் கூட்டியிருக்கும். முன்பு பணம் போதாமல் வாங்கியதுதான் அந்த வகைக் கருவி. பின்னர் அதன் ஒலியே அவருக்குப் பிடித்துப்போனது.

1960 டிசம்பர் 21 அன்று அவர் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டின் பெயரே இந்த வகைக்கும் பெயராகிவிட்டது. அதில் ஒன்றல்ல, இரண்டு நால்வர் குழுக்கள். கோல்மனும், டிரம்பெட் வாசிக்கும் டான் செர்ரியும் உள்ள குழு ஸ்டீரியோவின் இடப்பக்கத்தில் ஒலிக்கும். டிரம்பெட் வாசிக்கும் ஃபிரெடி ஹப்பர்டும், பாஸ் கிளாரினெட் வாசிக்கும் எரிக் டால்ஃபியும் உள்ள குழு வலப்பக்கத்தில் ஒலிக்கும். ஏறக்குறைய 37 நிமிடங்கள் இடைவெளியில்லாமல் போகும் அந்த இசையில்கூட எல்லாம் அந்த நேரத்தில் பிறந்தது அல்ல. ஒவ்வொருவரின் தனி வாசிப்புக்கு முன்பும் அனைவரும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சிறு முகப்பு உண்டு. அது முன்பே அமைத்து வைத்தது. சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1965 ஜூனில் பதினொருவரைக் கூட்டிப் பதிவு செய்த 'அசென்ஷன்' இசையிலும் கூட்டமும் தனியும் மாறி மாறி வரும் ஒரு வரிசை இருக்கிறது. எனவே நீங்கள் கேட்ட முதல் பகுதியில் மெட்டும், யார் முதலில் தனியாகச் செல்வது என்பதும் முன்பே பேசியவையாக இருக்கும்; மற்றவை இருந்திருக்காது.

இரண்டாம் பகுதியின் வேர் லண்டனில் இருக்கிறது. 1965இல் அங்கு உருவான ஏஎம்எம் என்ற குழுவில் கீத் ரோ என்பவர்தான் கிட்டாரை மேசையில் கிடத்தி, கண்ணில் பட்ட பொருள்களையெல்லாம் அதன்மேல் வைத்து ஒலி எழுப்பும் வழக்கத்தை நிலைநிறுத்தினார். நீங்கள் பார்த்த மின்விசிறிக்கு அவர்தான் பாட்டனார். அதே காலத்தில் டெரெக் பெய்லி என்ற கிட்டார் கலைஞர், நடன இசைக்குழுக்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஆண்டுக்கணக்கில் பிழைப்புக்காக வாசித்துக் கைதேர்ந்தவர், ஜாஸின் சாயல்கூட விழாமல் வாசிப்பது என்று முடிவெடுத்தார். ஜாஸ் ஆனாலும் ஃபிளமென்கோ ஆனாலும் இந்திய இசை ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு, அதற்குள் நின்று கற்பனை செய்வது ஒரு வகை. எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாமல் வாசிக்க முயல்வது இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். 1977 முதல் அவர் நடத்திய 'கம்பெனி' நிகழ்ச்சிகளில், அதுவரை சேர்ந்து வாசித்தே இராதவர்களைப் பல முறை ஒரே மேடையில் ஏற்றினார். இந்த வழியில் முன்பே பேசிவைப்பது என்பது பெரும்பாலும் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதோடு முடிந்துவிடும்.

மூன்றாம் பகுதியில் கையசைத்த பெண்மணி செய்ததற்குக் கண்டக்‌ஷன் என்று பெயர். புட்ச் மோரிஸ் என்ற கார்னெட் கலைஞர் 1985இல் தொடங்கி வளர்த்த முறை அது. நீட்டு, திரும்பச் சொல், அவரைப் பின்பற்று, இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள் பிறகு கேட்பேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை உண்டு. எந்தச் சுரம் என்பதை நடத்துபவர் சொல்ல மாட்டார். அது வாசிப்பவர் பொறுப்பு. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஸோர்ன் 1984இல் அமைத்த 'கோப்ரா' இதைத் தலைகீழாக்கியது. அதில் வாசிப்பவர்கள்தாம் முன்னால் அமர்ந்திருப்பவருக்குச் சைகை காட்டி இன்ன அட்டையை உயர்த்து என்று கேட்பார்கள். அட்டை இறங்கியதும் எல்லாரும் அந்த விதிக்கு மாறிவிடுவார்கள். இசையைவிட விளையாட்டின் விறுவிறுப்பு அதில் கூடுதல் என்பது என் எண்ணம்.

நன்றாக வாசித்தார்களா என்பதை எப்படி அறிவது என்று கேட்டிருந்தீர்கள். நான் முதலில் கவனிப்பது, மேடையில் இருப்பவர்களில் யார் வாசிக்காமல் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஏழு பேர் இருக்கும் மேடையில் ஐந்து பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற இருவரைக் கேட்டுக்கொண்டிருக்கத் துணிந்தால், அந்தக் குழு நல்ல குழு என்று பெரும்பாலும் நம்பலாம். அடுத்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் அப்படியே திருப்பிச் செய்கிறாரா என்று பார்ப்பேன். உயர்ந்த ஒலிக்கு உயர்ந்த ஒலி, தட்டலுக்குத் தட்டல் என்று எதிரொலிப்பது எளிது. முதல் சில நிமிடங்களுக்குச் சுவையாக இருந்து பிறகு சலித்துவிடும். அதைவிட, சாக்சபோன் வேகமாகக் கொட்டும்போது பாஸ் ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்பதுபோல் எதிர்த்திசையில் ஒன்றை வைப்பவர்களைத்தான் நான் மதிக்கிறேன். முடிவையும் கவனியுங்கள். எங்கே முடிப்பது என்று யாரும் பேசிவைக்காத இசையில், முடிவு என்பது எல்லாருக்கும் ஒரே நொடியில் தெரிய வேண்டும். நன்றாக முடிந்துவிட்ட ஒன்றின்மேல் ஒருவர் கூடுதலாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால், பாவம், மற்றவர்கள் அதற்காக இன்னும் ஐந்து நிமிடம் வாசிக்க நேரிடும்.

ஈசூன்வாசி எழுதியது:

இசைத்தட்டுக்காரர் ஐயாவின் விளக்கம் தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அவர் தந்த பதில் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கச்சேரியில் பாடகர் கல்பனாஸ்வரம் பாடி எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு, வந்து சேராவிட்டால், கடைசி வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கும் அது தெரியும். அந்த அளவுகோல் கலைஞருக்கு வெளியே, பொதுவில் இருக்கிறது. யாரும் எடுத்து அளந்துகொள்ளலாம். இந்த இசையில் அளவுகோலும் வாசிப்பவர்களின் பையிலேயே இருக்கிறது. ஒருவர் சும்மா இருந்தால் அது கேட்கும் பண்பா, அல்லது செய்வதற்கு ஒன்றும் தோன்றாததா என்பதை நாம் எங்கிருந்து அறிவது?

விதிகள் இல்லை என்று அறிவித்துவிட்டு, நான் கேட்ட பல மாலைகளில் எல்லாரும் ஒரே பாதையில்தான் போனார்கள். மெல்லத் தொடங்கி, உரசல்களும் மூச்சொலிகளுமாகக் கொஞ்ச நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, உச்சத்தில் எல்லாரும் சேர்ந்து பெருங்கூச்சல், அப்புறம் தணிந்து மறைதல். எழுதி வைத்த இசையில்கூட இவ்வளவு நம்பகமாக அடுத்து வருவதைச் சொல்ல முடியாது. கூச்சலின்போது என் காதில் இரைச்சல் மறுநாள் காலை வரை இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

வலந்தலை எழுதியது:

நான் சிங்கப்பூரில் மிருதங்கம் வாசிப்பவன். கோயில், நடனம், கச்சேரி என்று வழக்கமான மேடைகளோடு, சில ஆண்டுகளாக இத்தகைய இசைஞர்களோடும் சேர்ந்து வாசித்து வருகிறேன். அக்காவின் மூன்றாவது கேள்விக்கு வாசிப்பவன் பக்கத்திலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன். ஈசூன்வாசி அண்ணன் சொன்ன அந்த ஒரே பாதை உண்மைதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குள்ளும் அது ஒரு நோய் என்றே பேசிக்கொள்கிறோம். அதனால்தான் பல குழுக்கள் தாமே சில தடைகளை விதித்துக்கொள்கின்றன. எந்த உருப்படியும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, இன்று யாரும் உரக்க வாசிக்கக் கூடாது, யார் யாரோடு வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது என்று பலவிதம் உண்டு. அந்தத் தடைகள் இல்லாத இரவுகளில் கூட்டமாக உச்சத்துக்கு ஏறுவதுதான் எல்லாருக்கும் வசதியான வழியாகிவிடுகிறது.

மனோதர்மத்தோடு உறவு உண்டா என்றால், உண்டு. ஆனால் நாம் முதலில் தேடும் இடத்தில் இல்லை. தாளக்கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைத்தான் எல்லாரும் ஒப்பிடுவார்கள். தனியில் என் கை என்ன செய்தாலும் அது மோரா, கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டுகளை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. மூன்று முறை சொல்லி எடுப்பில் விழும்போது கடம், கஞ்சிரா, பாடகர், சபை எல்லாருடைய கவனமும் ஒரே புள்ளியில் கூடுகிறது. அந்த மகிழ்ச்சி வேறெதிலும் இல்லை. ஆனால் பேசிவைக்காத இசையில் அப்படி ஒரு தீர்மானம், அதாவது முடிவுச் சொற்கட்டு, வைப்பது மற்றவர்களுக்கு ஆணையிடுவதற்குச் சமம். அந்த மொழி தெரியாத பாஸ் கலைஞர் அதைத் தாண்டி எங்கோ போய்விடுவார். தெரிந்தவராக இருந்தால் அது இன்னும் மோசம், கீழ்ப்படிந்து என்னோடு சேர்ந்து நின்றுவிடுவார். இரண்டிலும் இசை அறுந்துபோகிறது. ஆகவே முடிவை நோக்கிப் போகாமல் வாசிப்பது எப்படி என்பதைக் கைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நடையை வைத்துக்கொள்ளலாம், மிருதங்கச் சொற்களையும் வைத்துக்கொள்ளலாம். மூன்று முறை சொல்லும் ஆசையை மட்டும் விட வேண்டும். பல ஆண்டுகள் சாதகம் செய்த கைக்கு இது சின்ன வேலையில்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவோம் என்பது உங்களுக்குத் தெரியும். குளிரூட்டப்பட்ட அறையில் அது விரைவாகக் காய்ந்து, தொப்பியின் ஒலி மேலேறிவிடும். கச்சேரியில் அப்படி நேர்ந்தால் இரண்டு பாடல்களுக்கிடையில் விரலை நனைத்துத் தடவிச் சரிசெய்வேன். சரிசெய்யாவிட்டால் மேடையில் அமர்ந்திருப்பவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நாள் பாஸ் கலைஞர் ஒருவரோடு இருவராக வாசித்துக்கொண்டிருந்தபோது ரவை காயத் தொடங்கியது. நான் தண்ணீரைத் தொடவில்லை. தொப்பியை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கிகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று மேலே கேட்டன. அவர் அதைக் கவனித்து, தம் ஆள்காட்டி விரலைத் தந்தியில் மயிரிழை மயிரிழையாக மேலே நகர்த்தத் தொடங்கினார். எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஏதோ ஒன்று இறுகிக்கொண்டே போகிறது என்பது மட்டும் தெரிந்திருக்கும். கடைசியில் ரவையின் ஓரம் உரிந்து ஒலி செத்துப்போனபோது அவரும் வில்லை எடுத்துவிட்டார். ஸ்ருதி விலகுவதை இசையின் பொருளாகவே எடுத்துக்கொள்ள முடிந்தது அந்த மேடையில்தான்.

எனவே உறவைத் தனியில் தேடாமல், ஆலாபனையின்போது வயலின்காரர் செய்வதில் தேடுங்கள் என்பேன். பாடகர் அடுத்து எங்கே போவார் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு நூலளவு பின்னால் தொடர்ந்து, பாடகர் நிறுத்தும் இடத்தில் இழையை ஏந்திக்கொள்கிறார். அந்தக் காதுதான் இங்கும் வேண்டியிருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், இங்கு முதன்மைக் கலைஞர் என்று ஒருவர் இல்லை. சிலர் இதை உரையாடல் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, உரையாடலில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூட வேண்டும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தில் மின்தூக்கி நிற்காத மாடியிலிருந்து நான்கு பேர் ஓர் அலமாரியைப் படிவழியாக இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பத்தில் எவரும் விளக்கம் சொல்வதில்லை. சுமை தன் பக்கம் சாய்வதைக் கையால் உணர்ந்து, ஒருவர் முழங்காலை மடிக்க மற்றவர் தோளை உயர்த்துகிறார். நால்வரும் ஒரே நேரத்தில் செயல்படுகிறார்கள், ஒருவர் செய்வது இன்னொருவர் செய்வதைப்போல் இருப்பதில்லை. ஈசூன்வாசி அண்ணன் கேட்ட வெளியிலுள்ள அளவுகோலுக்கும் என் பதில் இதுதான்: ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுடைய வாசிப்பை மாற்றியதா இல்லையா என்பதைக் கேட்பவர் காதாலேயே அறிய முடியும். சும்மா இருப்பவர் மீண்டும் நுழையும்போது இசை திசை திரும்பினால், அவர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். அவர் நுழைந்ததே தெரியாமல் எல்லாம் முன்போலவே ஓடினால், அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

நம் பக்கத்துக் கருவிகளும் ஆட்களும் இந்த உலகத்துக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்சபோன் கலைஞர் 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு பணியாற்ற வந்தபோதுதான் நாகஸ்வரத்தைக் கேட்டு அதில் மயங்கினார்; பின்னர் அதைப் பயின்று, ஜாஸ் இசைத்தட்டுகளிலேயே வாசித்தார். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் நம் நாகஸ்வரம் ஒரு ஜாஸ்காரரைப் பிடித்துக்கொண்டது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. இன்று தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் இத்துறையின் முன்னணியில் இருக்கிறார்; 2013இல் மெக்கார்தர் நல்கை பெற்று, மறு ஆண்டு முதல் ஹார்வர்டில் பேராசிரியராகவும் இருக்கிறார். அவரோடு வாசித்திருக்கும் ராஜ்னா சுவாமிநாதன், உமையாள்புரம் சிவராமன் அவர்களிடம் மிருதங்கம் பயின்றவர். சாக்சபோனும் டிரம்பெட்டும் உள்ள குழுவுக்குத் தாமே இசை அமைத்து 2019இல் வெளியிட்ட இசைத்தட்டில், மிருதங்கம் துணைக்கருவியாக இல்லாமல் குழுவின் நடுவில் இருந்து போக்கைத் தீர்மானிப்பதைக் கேட்கலாம்.

இடையில் நிறுத்தாமல் ஊதும் ஆங்கிலேய சாக்சபோன் கலைஞர் இவான் பார்க்கரைக் கேட்டு வியப்பவர்களிடம், கல்யாண வீட்டில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒத்து ஊதியவரும் கன்னத்தில் காற்றைத் தேக்கி அதே வித்தையைத்தான் செய்தார் என்று நான் சொல்வதுண்டு. சுருதிப்பெட்டி வந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பார்க்கர் அந்த மூச்சை ஒரே சுரத்தில் நிறுத்தாமல், சோப்ரானோ சாக்சபோனில் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஓடுவதாகத் தோன்றும் அளவுக்குக் கொண்டு செல்கிறார் என்பது வேறு செய்தி.

சப்ஸ்டேஷன் காலத்தவர் எழுதியது:

உள்ளூர்ச் செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே இந்த இசைக்கு ஒதுங்க இடம் கொடுத்தவற்றில் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருந்த சப்ஸ்டேஷன் முக்கியமானது. நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1990இல் பழைய துணைமின்நிலையக் கட்டடத்தில் தொடங்கிய அந்தக் கலை இல்லம் 2021இல் அக்கட்டடத்தை விட்டு வெளியேறியது. 2001இல் தோன்றிய தி அப்சர்வேட்டரி குழு, பாட்டு எழுதும் குழுவாகத் தொடங்கி, பாலித்தீவின் கேமலன் என்னும் வெண்கல வாத்தியங்கள் வரை சென்று, 'பிளேஃப்ரீலி' என்ற பெயரில் பேசிவைக்காத இசைக்கென்றே நிகழ்ச்சிகளையும் நடத்தியிருக்கிறது. எஸ்பிளனேட் கலைமையத்தின் சிறிய அரங்குகளிலும் அவ்வப்போது கேட்கக் கிடைக்கும்.

போகிறவர்கள் வாசிப்பவர்களின் கைகள் தெரியும் இடத்தில் அமருங்கள். இசைத்தட்டில் வெறும் இரைச்சலாகத் தோன்றுவது, அது எந்தக் கையிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் தெளிவாகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் ஒரு சோடி பையில் இருக்கட்டும். அதை அணிவது அவமரியாதை அல்ல, டிரம்ஸ்காரர்களே அணிகிறார்கள். குளிருக்கு ஒரு மேலாடையும் வேண்டும்.

தேக்கா ரசிகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இசைத்தட்டுக்காரர் குறிப்பிட்ட 1960ஆம் ஆண்டுப் பதிவை இரண்டு இரவுகள் ஹெட்ஃபோனில் கேட்டேன். முதலில் இரு பக்கமும் சேர்த்துக் கேட்டபோது சந்தைக்கடையாகத்தான் இருந்தது. பிறகு வலப்பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டைத் தொடர்ந்தேன். மற்றவர் தனியாக வாசிக்கும்போது அவர் ஓரத்தில் இருந்து ஒரு சிறு துணுக்கை வைத்துவிட்டு விலகிக்கொள்வதும், சற்றுப் பிறகு வேறொருவர் அந்தத் துணுக்கை எடுத்து நீட்டுவதும் கேட்டது. அதன் பின் இடப்பக்கத்தையும் சேர்த்தபோது, இரண்டு டிரம்ஸ்களும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பது தெரிந்தது. ஒன்று ஓட்டத்தைப் பிடித்திருக்க, மற்றது அதன்மேல் பேசிக்கொண்டே போகிறது. முப்பத்தேழு நிமிடமும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பிற்பகுதியில் பாஸ்கள் இரண்டும் முன்னுக்கு வரும் இடத்துக்கு மட்டும் இப்போது திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஈசூன்வாசி சொன்ன ஒரே பாதை, அன்று மாலை மூன்றாம் பகுதியில் எனக்கும் தோன்றியது. கையசைத்தவர் இருந்தும் அவர்கள் உச்சத்தை நோக்கித்தான் ஏறினார்கள். இரண்டாம் பகுதியில் அப்படி இல்லை. அங்கே உச்சமே வரவில்லை. வராததுதான் எனக்கு அன்று குறையாகப் பட்டது, இப்போது அதுவே அப்பகுதியின் துணிவு என்று தோன்றுகிறது.

வலந்தலை தம்பிக்கு ஒரு கேள்வி. மிருதங்கத்துக்கு ஆயிரம் சொற்கள் இருக்கின்றன. வீணை போன்ற, சுரத்தையும் கமகத்தையும் விட்டால் பேச்சற்றுப் போகும் கருவிக்கு இந்த இசையில் இடம் உண்டா? ராகத்தின் சாயல் வந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?

வலந்தலை எழுதியது:

வந்தால் வரட்டும், அக்கா. ராகத்தை ஒளித்து வைக்க முயன்றால் கை இறுகி, எதுவுமே வராது. நீங்கள் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைத்தீர்களானால் கிட்டார்க்காரர் அதை ராகம் என்று கேட்க மாட்டார். இரண்டு சுரங்களுக்கிடையே நடுங்கும் ஓர் ஒலி என்று எடுத்துக்கொண்டு தம் வேலையைச் செய்வார். ஆனால் நீங்கள் ஆரோகணம், அவரோகணம் என்று முழு உருவத்தையும் விரித்துவிட்டால் அவர்கள் மரியாதைக்காகத் தம்புரா ஆகிவிடுவார்கள். பேசிவைக்காத மேடைகளில் இந்தியக் கருவிகளுக்கு நேரும் பெரிய தீங்கு அந்த மரியாதைதான்.

வீணைக்குப் பேச்சில்லை என்பதை நான் ஏற்கவில்லை. பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன. தானத்தின்போது மட்டும் அவற்றுக்கு வேலை கொடுத்துவிட்டு மற்ற நேரத்தில் மறந்துவிடுகிறோம். குடத்தின் பலகையை விரல்முட்டியால் தட்டினால் ஒரு டிரம், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் மீட்டினால் சலங்கையைப் போல் ஓர் ஒலி, பித்தளை மெட்டுக்கட்டைக்குமேல் தந்தியை அழுத்தாமல் தொட்டால் மணியோசை. ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவது ஒன்றுதான் சிக்கல். குதிரைக்கருகில் ஒட்டும் சிறிய காண்டாக்ட் மைக் ஒன்றை ஆம்ப்போடு இணைத்தால் அதுவும் தீரும். ஃபீட்பேக் வந்தால் பதறி ஒலியைக் குறைத்துவிடாதீர்கள், அதையும் யாராவது பயன்படுத்துவார்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் நான்கைந்து பேர் கேலாங்கில் ஒரு வாடகை அறையில் கூடுகிறோம். பேசிவைக்காத இசைக்கு ஒத்திகை எதற்கு என்று அந்த அறையின் உரிமையாளரே கேட்டுவிட்டார். ஒருவரையொருவர் கேட்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான். வாடகையை ஆளுக்குப் பங்கு போட்டுக்கொள்வோம். வருவதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஈசூன்வாசி அண்ணனும் காதடைப்பானோடு வரலாம். வாடகை வண்டியைப் பதிவு செய்யும்போது மட்டும் ஆறு பேர் அமரும் வண்டியாகக் கேளுங்கள். சாதாரண வண்டியில் வீணையை ஏற்றப் போய் அதன் யாளித் தலையின் காது உடைந்த கதை எங்கள் வட்டாரத்தில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது.